கேர்ள் ஸ்கவுட் குக்கி விற்பனை: மகளை விற்க அனுப்புவதா, காசோலை எழுதிக் கொடுப்பதா?

மதி (டாலஸ்):

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். இந்த ஆண்டுதான் கேர்ள் ஸ்கவுட்ஸ் என்ற அமெரிக்கச் சாரணியர் அமைப்பில் பிரவுனியாக, அதாவது இரண்டாம், மூன்றாம் வகுப்புச் சிறுமிகளின் பிரிவில், சேர்ந்தாள். சென்ற வாரம் நடந்த பெற்றோர் கூட்டத்தில், ஜனவரியில் தொடங்கவிருக்கும் குக்கி விற்பனைக்காக (நிதி திரட்டச் சிறுமிகள் ஆண்டுதோறும் பிஸ்கட் பெட்டிகளை விற்பது) ஓர் ஒப்புதல் படிவம் கொடுத்தார்கள். மகள் விற்பதற்குச் சம்மதிக்கிறோம் என்பதோடு, எங்கள் கைக்கு வரும் ஒவ்வொரு பெட்டியின் விலைக்கும் நாங்களே பொறுப்பு என்றும் அதில் எழுதியிருக்கிறது. பெட்டி 6 டாலர். நான் இன்னும் கையெழுத்திடவில்லை.

என் கணவருக்கு இதில் உடன்பாடில்லை. ஏழு வயதுக் குழந்தை கடை வாசலில் நின்றுகொண்டு போகிறவர் வருகிறவரையெல்லாம் வாங்கச் சொல்லிக் கேட்பது எதற்கு, குழுவுக்கு எவ்வளவு வேண்டுமோ அதைக் காசோலையாக எழுதிக் கொடுத்துவிடலாமே என்கிறார். நான் அப்பாவின் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டி வளர்ந்தவள். ஆகவே விற்பதில் எனக்குக் கூச்சமில்லை. என் கேள்வி வேறு. அந்த 6 டாலரில் இந்தச் சிறுமிகளுக்குப் போய்ச் சேர்வது எவ்வளவு, மீதி எங்கே போகிறது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

செல்வி (நியூ ஜெர்சி):

மதி, ஒன்பது ஆண்டுகளாக ஒரு குழுவுக்குத் தலைவியாக இருக்கிறேன். அதில் நான்கு ஆண்டுகள் குக்கிக் கணக்கும் என் பொறுப்பில்தான் இருந்தது. எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

விலையில் கால் பங்கிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குவரை பேக்கரிக்குப் போகிறது. இன்று அனுமதி பெற்ற பேக்கரிகள் இரண்டுதான்: கென்டக்கி மாநிலத்தின் லூயிவில்லில் உள்ள லிட்டில் பிரவுனி பேக்கர்ஸ் ஒன்று, ஏபிசி பேக்கர்ஸ் மற்றொன்று. ஒரு வட்டாரத்தின் குழுக்களையெல்லாம் நிர்வகிக்கும் கிளை அமைப்பைக் கவுன்சில் என்பார்கள். ஒவ்வொரு வட்டாரக் கவுன்சிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது. ஓர் ஊரில் சமோவாஸ் என்று விற்கும் தேங்காய்-கேரமல் குக்கி, அடுத்த ஊரில் கேரமல் டிலைட்ஸ் என்ற பெயரில் இருப்பதற்கு இதுவே காரணம். பேக்கரிக்குப் போனது போக மீதி, அதாவது விலையில் 65 முதல் 75 விழுக்காடு, அந்த வட்டாரத்திலேயே தங்கிவிடுகிறது. அதற்குள்தான் குழுவின் பங்கும் அடங்கியிருக்கிறது. அது விலையில் பொதுவாக 10 முதல் 20 விழுக்காடு. எஞ்சியதைக் கவுன்சில் எடுத்துக்கொள்கிறது.

தேசியத் தலைமை அமைப்புக்கு நாம் விற்கும் பெட்டியிலிருந்து பங்கு போவதில்லை. அதன் பெயரையும் மூவிலைச் சின்னத்தையும் பயன்படுத்துவதற்காகப் பேக்கரிகள் செலுத்தும் உரிமத் தொகையும், நாம் கட்டும் ஆண்டுச் சந்தாவும்தான் அதற்குப் போகின்றன. பல ஆண்டுகளாக 25 டாலராக இருந்த சந்தாவை 45 ஆகவும், அதற்கடுத்த ஆண்டு 65 ஆகவும் உயர்த்த 2024 அக்டோபரில் முடிவெடுத்தார்கள். பலர் இதைக் குக்கிப் பணத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் தனித்தனி வழிகள்.

கவுன்சில் தன் பங்கை என்ன செய்கிறது என்பதைத்தான் பெற்றோர் முதலில் கேட்க வேண்டும். கோடை முகாமுக்கான நிலத்தையும் கட்டடங்களையும் பராமரிப்பது, என்னைப் போன்ற தன்னார்வத் தலைவிகளுக்குப் பயிற்சி அளிப்பது, சந்தாவோ முகாம் கட்டணமோ கட்ட இயலாத குடும்பங்களுக்கு உதவித்தொகை தருவது எல்லாம் அந்தப் பணத்தைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. எங்கள் குழுவில் இரண்டு சிறுமிகள் அந்த உதவியால்தான் முகாமுக்கு வந்தார்கள். அவர்கள் யார் என்பது மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாது; தெரியாமல் இருப்பதுதான் எனக்கு நிறைவு.

இனி எங்கள் குழுக் கணக்கு. சென்ற ஆண்டு 12 சிறுமிகள் 1,500 பெட்டி விற்றார்கள். பெட்டிக்கு 90 சென்ட் வீதம் 1,350 டாலர் கிடைத்தது. இந்தப் பணம் குழுவின் பொதுப்பணம். எந்தச் சிறுமியின் பெயரிலும் தனிக்கணக்கு வைக்கக் கூடாது. வரிவிலக்குப் பெற்ற அமைப்பு திரட்டும் நிதி தனியொருவரின் ஆதாயமாகிவிடக் கூடாது என்பதே அதன் அடிப்படை. ஆகவே 400 பெட்டி விற்றவளும் 20 பெட்டி விற்றவளும் ஒரே பேருந்தில் ஒரே பயணம் போவார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஏதாவது ஒரு தாய் இதை என்னிடம் கேட்பார். 'உங்கள் மகள் 20 பெட்டி விற்கும் ஆண்டும் ஒன்று வரும்' என்பதே நான் சொல்லும் பதில்.

இளங்கோ (சியாட்டில்):

செல்வி அவர்களின் கணக்கு நேர்மையானது. அதே எண்களை எடுத்துக்கொண்டு இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

நான்கு சிறுமிகள் ஒரு கடை வாசலில் இரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். நல்ல நாளாக அமைந்து 80 பெட்டி விற்றால் மேசைக்கு வந்த பணம் 480 டாலர். குழுவுக்குக் கிடைப்பது 72 டாலர். நால்வரும் சேர்ந்து நின்றது எட்டு மணி நேரம். ஆக, ஒரு மணி நேரத்துக்கு 9 டாலர். உடன் நின்ற இரண்டு பெரியவர்களின் நேரத்தையும் சேர்த்தால் 6 டாலராகிவிடும். இந்த நாட்டுக் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலியே 7 டாலர் 25 சென்ட். ஆண்டுக்குச் சுமார் 20 கோடிப் பெட்டிகள் விற்கின்றன என்கிறார்கள். அத்தனை பெரிய வணிகத்தின் கடைசிக் கண்ணி ஏழு வயதுக் குழந்தை என்பதை நாம் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டாமா?

மிஞ்சிய சரக்கின் சுமையும் இருக்கிறது. என் மகள் ஜூனியராக (நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிரிவு) இருந்தபோது நாங்கள் வேறு மாநிலத்தில் வசித்தோம். ஆர்வ மிகுதியில் நான் 15 அட்டைப்பெட்டிகளை எடுத்து வந்துவிட்டேன். ஒன்றில் 12 வீதம் 180 பெட்டி. எடுத்த சரக்கைத் திருப்பித் தர முடியாது என்பது அங்கே விதி. மூன்று வார இறுதிகள் மழையில் போயின. 62 பெட்டிகள் மிஞ்சின. அப்போதைய விலையில் 310 டாலர் என் கையைக் கடித்தது. பணத்தைவிட, தன்னால்தான் அப்பாவுக்கு நட்டம் என்று பத்து வயதுப் பெண் அழுததே எனக்கு வலித்தது. 2021 இல் பெருந்தொற்றுக் காலத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பெட்டிகள் விற்காமல் தேங்கின என்ற செய்தியைப் படித்தபோது, எத்தனை வீடுகளில் அந்த அழுகை கேட்டிருக்குமோ என்றுதான் நினைத்தேன்.

மதி, உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 90 டாலர் காசோலை எழுதினால் குழுவுக்கு 90 டாலரும் முழுதாகப் போகும். அதே 90 டாலரைக் குக்கி விற்றுக் குழுவுக்குச் சேர்க்க வேண்டுமென்றால் உங்கள் மகள் 100 பெட்டி விற்க வேண்டும்.

தேன்மொழி (அட்லாண்டா):

இளங்கோ அவர்களின் கூலிக் கணக்கு என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. அதில் பிழை இல்லை. ஆனால் இந்த விற்பனை எப்படித் தொடங்கியது என்பதைப் பார்த்தால், எந்த இடத்தில் கணக்கு மாறியது என்று தெரியும்.

அட்லாண்டாவிலிருந்து சவானா நான்கு மணி நேரப் பயணம். ஜூலியட் கார்டன் லோ 1912 மார்ச் 12 அன்று 18 சிறுமிகளைக் கூட்டி இந்த அமைப்பைத் தொடங்கிய ஊர் அது. அவர் பிறந்த வீட்டைப் பார்க்க மகளின் குழுவோடு போயிருக்கிறோம். தொடக்கத்தில் குக்கி என்ற பேச்சே இல்லை. அமைப்பு தொடங்கி ஐந்து ஆண்டுகள் கழித்து, 1917 இல், ஓக்லஹோமா மாநிலம் மஸ்கோகியில் மிசில்டோ என்ற குழுவின் சிறுமிகள் வீட்டில் சுட்ட குக்கிகளை ஓர் உயர்நிலைப் பள்ளியின் உணவுக்கூடத்தில் விற்றார்கள். அறியப்பட்டவற்றுள் அதுவே முதல் விற்பனை.

1922 ஜூலையில் அமைப்பின் 'தி அமெரிக்கன் கேர்ள்' இதழில், சிகாகோ வட்டார இயக்குநர் ஃபிளாரன்ஸ் நீல் ஒரு செய்முறையை வெளியிட்டார். வெண்ணெய், சர்க்கரை, முட்டை, பால், வனிலா, மாவு போன்ற எளிய பொருட்கள்தான். ஆறேழு டஜன் குக்கிகளுக்கு ஆகும் பொருட்செலவு 26 முதல் 36 சென்ட் என்று அவர் கணக்கிட்டார். டஜன் 25 அல்லது 30 சென்டுக்கு விற்கலாம் என்றார். மிகக் குறைவாகவே வைத்துக் கணக்கிடுவோம்: ஆறு டஜன், டஜன் 25 சென்ட், வரவு ஒன்றரை டாலர், செலவு 36 சென்ட் போக ஒரு டாலர் 14 சென்ட் மிச்சம். விற்ற பணத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் அந்தச் சிறுமிகளிடமே நின்றது.

செல்வி சொன்ன எண்ணைப் பாருங்கள். இன்றும் 65 முதல் 75 விழுக்காடு வட்டாரத்திலேயே நிற்கிறது. நூறாண்டில் அந்தப் பங்கு பெரிதாகக் குறையவில்லை. பணத்தைக் கையில் வைத்திருப்பவர்தான் மாறினார். அன்று மாவு பிசைந்தவளே பணத்தை எண்ணினாள். இன்று பெரும்பகுதியைக் கவுன்சில் அலுவலகம் எண்ணுகிறது. 1933 இல் ஃபிலடெல்ஃபியா கவுன்சிலின் சிறுமிகள் எரிவாயு, மின்சார நிறுவனத்தின் காட்சிச் சாளரங்களில் குக்கி சுட்டு, 44 குக்கி கொண்ட பெட்டியை 23 சென்டுக்கு விற்றார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சுட்டுக்கொடுக்க முடியாமல் போகவே, மறு ஆண்டே அந்தக் கவுன்சில் பேக்கரியில் சுட்ட குக்கிக்கு மாறியது. 1936 இல் தேசிய அமைப்பு பேக்கரிகளுக்கு உரிமம் வழங்கத் தொடங்கியது. போர்க்காலத்தில் சர்க்கரையும் மாவும் வெண்ணெயும் கிடைக்காதபோது, 1944 இல் குக்கிக்குப் பதில் நாட்காட்டி விற்றிருக்கிறார்கள். விற்கும் பொருள் எதுவானாலும் தங்கள் செலவுக்குத் தாங்களே ஈட்ட வேண்டும் என்பதை அவர்கள் விடவில்லை.

இதை எழுதும்போது என் பள்ளி நாட்கள் நினைவுக்கு வருகின்றன. நான் திருநெல்வேலியில் சாரணியர் படையில் இருந்தவள். அக்கம்பக்கத்து வீடுகளில் சிறு வேலைகள் செய்து காசு சேர்ப்போம். 'கரி கமாயி' என்ற இந்திச் சொல்லால்தான் அதைக் குறிப்பார்கள். உழைத்து ஈட்டியது என்று பொருள். சைக்கிள் துடைத்து வாங்கிய காசை நாங்கள் எண்ணிய விதம் வேறு, அப்பா கொடுத்த காசை எண்ணிய விதம் வேறு.

ஆகவே மதி, காசோலையா குக்கியா என்பதற்கு முன்னால் உங்கள் குழுத் தலைவியிடம் ஒன்று கேளுங்கள்: அந்த 90 சென்டை எப்படிச் செலவிடுவது என்று முடிவெடுப்பவர் யார்? சிறுமிகள் என்றால் கையெழுத்திடுங்கள். பெரியவர்கள் முன்பே முடிவுசெய்துவிட்டார்கள் என்றால், இளங்கோ அவர்களின் கூலிக் கணக்குதான் சரி.

கயல் (மினியாபொலிஸ்):

வணக்கம். இந்த இழையில் எழுதும் மற்றவர்களெல்லாம் பெற்றோர். நான் விற்றவள். ஐந்து வயதில் டெய்சியாக, அதாவது மிக இளைய பிரிவில், சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்புவரை இருந்தேன். இப்போது கல்லூரியில் படிக்கிறேன். தமிழை ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கற்றேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று ஆண்டுகள் நான் எதையும் விற்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா ஆர்டர் அட்டையை அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வார். மாலையில் 150 பெட்டிக்குக் கையெழுத்தோடு திரும்புவார். எனக்கு ஒரு பொம்மை பரிசாக வந்தது. அது எதற்காக வந்தது என்றுகூட எனக்குப் புரியவில்லை. 2014 டிசம்பரில் டிஜிட்டல் குக்கி என்ற இணையவழி விற்பனை தொடங்கிய பிறகு இது இன்னும் எளிதாகிவிட்டது. அம்மா அப்பா வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்பினால் போதும், பிள்ளை வாய் திறக்கவே வேண்டாம். அமைப்பு இந்த விற்பனை மூலம் ஐந்து திறன்களைக் கற்பிப்பதாகச் சொல்கிறது: இலக்கு வைத்தல், முடிவெடுத்தல், பணத்தைக் கையாளுதல், மனிதரோடு பழகுதல், நேர்மையாக வணிகம் செய்தல். அந்த ஐந்தையும் அப்பாதான் கற்றுக்கொண்டிருந்தார்.

நான்காம் வகுப்பில் எங்களுக்குப் புதுத் தலைவி வந்தார். அட்டையை அலுவலகத்துக்கு அனுப்பக் கூடாது என்றார். என்ன செய்ய விரும்புகிறீர்கள், அதற்கு எவ்வளவு ஆகும், அப்படியானால் எத்தனை பெட்டி என்று எங்களையே கரும்பலகையில் எழுத வைத்தார். குதிரைப் பண்ணைக்குப் போக வேண்டும் என்றோம். ஆளுக்கு 40 டாலர் என்று தெரிந்ததும், வகுத்துப் பார்த்துவிட்டு நாங்களே அதை வேண்டாம் என்றுவிட்டு, பனிச்சறுக்கு மைதானத்துக்கு மாறினோம். அன்றுதான் எனக்கு ஒரு டாலரின் அளவு தெரிந்தது.

கடை வாசலில் நிற்பது கடினம், அதை மறைக்க மாட்டேன். மினசோட்டாவின் பிப்ரவரிக் குளிரில் கதவு திறக்கும்போதெல்லாம் காற்று எலும்புவரை போகும். பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முதல் நாள் பதினொரு பேர் வரிசையாக மறுத்தார்கள். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். பன்னிரண்டாவது ஆளிடம் கேட்கும்போது என் குரல் நடுங்கவில்லை. மறுத்தவருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று தலைவி கற்றுக்கொடுத்திருந்தார். இன்று பேராசிரியரிடம் ஓர் ஆய்வு வாய்ப்பைக் கேட்கப் போகும்போது எனக்கு அந்தக் கதவுதான் நினைவுக்கு வருகிறது.

பதினாறு வயதில் நாங்கள் ஏழு பேர் புணேயிலுள்ள 'சங்கம்' உலக மையத்துக்குப் போனோம். உலகச் சாரணியர் அமைப்பு 1966 இல் திறந்த மையம் அது. அந்தப் பெயரைக் கேட்டதும் என் பாட்டி மதுரையில்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். மூன்று ஆண்டுக் குக்கிப் பணம் விமானக் கட்டணத்துக்குப் போதவில்லை. அதைக் குடும்பங்கள் கொடுத்தன. ஆனால் தங்கிய செலவும் ஊர் சுற்றிய செலவும் எங்கள் பணம். எங்கே தங்குவது, எதை விடுவது என்று அங்கே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மணிக்கு 9 டாலர் என்ற கணக்கு சரியாக இருக்கலாம். நான் கூலிக்காக நிற்கவில்லை.

பாரதி (மிச்சிகன்):

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். விற்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையும் சிறுமிகளுக்கு உண்டு. எங்கள் மாநிலத்தைச் சேர்ந்த இரு சிறுமிகள் 2007 இல் ஒரு விருதுத் திட்டத்துக்காக ஒராங்குட்டான் மனிதக் குரங்குகளைப் பற்றிப் படித்தார்கள். பாமாயில் தோட்டங்களுக்காக அவற்றின் காடுகள் அழிக்கப்படுவதை அறிந்த பிறகு, தாங்கள் விற்கும் குக்கிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதிலேயே பாமாயில் இருந்தது. விற்பதை நிறுத்திவிட்டு, தங்கள் அமைப்பையே எதிர்த்து ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதினார்கள், கையெழுத்துத் திரட்டினார்கள். 2011 இல் அமைப்பு தன் முதல் பாமாயில் கொள்கையை அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆனால் 2020 டிசம்பரில் அசோசியேட்டட் பிரஸ், இந்தோனேசிய, மலேசியப் பாமாயில் தோட்டங்களில் குழந்தைகள் உழைப்பதையும் அந்த எண்ணெய் இந்தக் குக்கிகள்வரை வந்து சேரும் வழியையும் எழுதியது. இங்கே ஒரு சிறுமி குழுப் பயணத்துக்காக விற்கும் பெட்டிக்குள் அங்கே ஒரு சிறுமியின் பள்ளிக்கூடம் பறிபோயிருக்கலாம் என்பது என்னால் கடந்து போக முடியாத செய்தி. என் மகளுக்குப் பதினொரு வயதானபோது இதை அவளிடம் சொன்னேன். அவள் விற்பதைத் தொடர்கிறாள்; ஆண்டுதோறும் கவுன்சிலுக்கு இதைக் கேட்டு ஒரு கடிதமும் எழுதுகிறாள். முடிவு அவளுடையது.

இளங்கோ (சியாட்டில்):

கயலின் பதிவை என் மகளிடம் படித்துக் காட்டினேன். அந்த 62 பெட்டிகளைப் பற்றிக் கேட்டேன். நட்டத்துக்காக அவள் அழவில்லையாம். எத்தனை பெட்டி எடுப்பது என்று நான் அவளைக் கேட்கவே இல்லை என்பதற்காக அழுதாளாம். இத்தனை ஆண்டுகள் அதை வேறாக நினைத்திருந்தேன். கணக்கில் நான் சொன்னவற்றை மாற்றிக்கொள்ளவில்லை. குழுவுக்கான பங்கு இன்னும் கூட வேண்டும் என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். ஆனால் தேன்மொழி கேட்டதுதான் சரியான கேள்வி.

செல்வி (நியூ ஜெர்சி):

மதி, கையெழுத்திடுவதாக இருந்தால் சில நடைமுறைச் செய்திகள். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். முதலில் இரண்டு அட்டைப்பெட்டிக்கு மேல் எடுக்காதீர்கள், தீர்ந்த பிறகு மீண்டும் கேட்டு வாங்கலாம். பணமும் பெட்டியும் கைமாறும் ஒவ்வொரு முறையும் இருவர் எண்ணி இரசீதில் கையெழுத்திடுங்கள். குழுக்களில் மனக்கசப்பு தொடங்குவது பெரும்பாலும் எழுதிவைக்காத ஒரு பெட்டியில்தான். குக்கி வேண்டாம் என்பவர்கள் பெட்டிக்குரிய பணத்தைத் தந்து, உணவு வங்கிக்கோ படைவீரர்களுக்கோ அனுப்பச் சொல்லலாம். அதற்கான ஏற்பாடு பெரும்பாலான கவுன்சில்களில் உண்டு. நம்மவர்களில் முட்டை, பால் சேர்க்காதவர்கள் கேட்டால் தின் மின்ட்ஸ் என்ற புதினாச் சாக்லேட் குக்கியைச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பேக்கரிகளுமே அதைப் பால், முட்டை சேர்க்காமல்தான் செய்கின்றன. மேசையில் மகள் பேசட்டும். நீங்கள் ஓரடி பின்னால் நில்லுங்கள்.

மதி (டாலஸ்):

எட்டு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கையெழுத்திட்டேன். தேன்மொழி அக்கா சொன்ன கேள்வியைத் தலைவியிடம் கேட்டபோது அவர் சற்றுத் தயங்கினார். அருங்காட்சியகப் பயணம் என்று அவரும் இரண்டு தாய்மாரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். ஆனால் மனம் கோணாமல் அடுத்த கூட்டத்திலேயே அதைச் சிறுமிகளின் வாக்கெடுப்புக்கு விட்டார். அந்தப் பெருந்தன்மைக்கு அவருக்கு நன்றி சொன்னேன்.

மகள் 74 பெட்டி விற்றாள். நான்கு சனிக்கிழமைகள் கடை வாசலில் நின்றாள். முதல் சனிக்கிழமை என் கணவர் காரிலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் சனிக்கிழமை ஒரு முதியவர் 20 டாலர் தாளை நீட்டி மூன்று பெட்டி கேட்க, மகள் விரல்விட்டு எண்ணி 2 டாலரைத் திருப்பிக் கொடுத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். அடுத்த இரண்டு வாரமும் மேசையைத் தூக்கி வைத்தது அவர்தான். காசோலை பற்றி அதன்பின் பேசவில்லை.

எங்கள் குழுவில் பத்துச் சிறுமிகள். எல்லாரும் சேர்த்து 830 பெட்டி. குழுவுக்கு 747 டாலர். வாக்கெடுப்பில் அருங்காட்சியகம் தோற்று, முகாம் கூடாரத்தில் ஓர் இரவு என்பது வென்றது. அதற்கு 500 டாலருக்குள் ஆகும் என்கிறார்கள். மீதியை என்ன செய்வது என்று பேசும்போது ஒரு சிறுமி, தன் தோழி அடுத்த ஆண்டு வரமாட்டாள், சந்தா கூடிவிட்டதாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அந்தத் தோழி அன்று வரவில்லை, நல்லவேளை. உடனே இன்னொருத்தி, மீதிப் பணத்தில் எல்லாருடைய சந்தாவிலும் ஒரு பகுதியைக் கட்டிவிடலாமே, அப்படிச் செய்தால் யாருக்கும் தனியாகக் கொடுத்ததாகத் தெரியாதே என்றாள். பத்தில் ஒன்பது கை தூக்கின. செல்வி அக்கா, குழுப் பணத்திலிருந்து சந்தா கட்ட விதி இடம் தருகிறதா? வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

செல்வி (நியூ ஜெர்சி):

தருகிறது. எங்கள் குழுவில் மூன்று ஆண்டுகளாக அப்படித்தான் கட்டுகிறோம். எல்லாருக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். வாக்கெடுப்பையும் தொகையையும் குழுவின் கணக்கேட்டில் எழுதிவையுங்கள். போதாமல் போனால் கவுன்சிலின் உதவித்தொகைக்குத் தலைவி வழியாக விண்ணப்பிக்கலாம். அந்தப் படிவம் என்னிடம் இருக்கிறது, இன்றிரவு உங்களுக்கு எப்படி நிரப்புவதென்று எழுதுகிறேன்.